பட்டாணி அளவு லேகியம்

டாக்டர் கன்னத்தைத் தட்டினார். பாப்பா கண்ணைத் திறக்கவில்லை.

இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளங்காலில் கிள்ளினார். ஒரு முனகல் வந்தது. அவ்வளவுதான்.

பாப்பாவைப் பெற்றவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆபீசிலிருந்து நேராக ஓடிவந்த கணவன் அவளுக்குப் பின்னால் நின்றான். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது.

இன்னும் மூன்று வயது முடியவில்லை. காலையில் வீடெல்லாம் ஓடிய பிள்ளை. பதினொரு மணிக்குத் தள்ளாடியது. பன்னிரண்டு மணிக்குத் துவண்டு படுத்தது. தூக்கம் என்றுதான் நினைத்தாள். எழுப்பினால் எழவில்லை.

"காலையில இருந்து என்னென்ன சாப்பிட்டா? ஒண்ணு விடாம சொல்லுங்க."

பால். ஒரு இட்லி. பாதி வாழைப்பழம். யோசித்து யோசித்துச் சொன்னாள்.

"வயிறு உப்பிக்கிட்டு இருந்துச்சுங்க. அவரு வாயுவுக்குச் சாப்பிடற லேகியத்துல கொஞ்சம் நாக்குல தடவி விட்டேன்."

டாக்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லேகியம் எந்த வீட்டில்தான் இல்லை.

"எவ்வளவு குடுத்தே?"

கேட்டது கணவன்.

பட்டாணி அளவு என்று சொல்ல வாயெடுத்தவள் திரும்பிப் பார்த்தாள். அவன் முகம் வெளுத்திருந்தது. சுக்கும் வெல்லமும் போட்டுக் கிண்டிய லேகியத்துக்கு யாராவது இப்படிப் பதறி அளவு கேட்பார்களா?

அவள் குனிந்து பிள்ளையின் வாயை முகர்ந்தாள்.

நெய். சுக்கு. வெல்லம்.

அதற்கு அடியில் இன்னொன்று. பிள்ளை பிறப்பதற்கு முன் அவன் சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் மூக்கில் ஏறிய வாடை.

மறுபடி முகர்ந்தாள். அதேதான்.

பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம், தாய்வீட்டிலிருந்து அவளை அழைத்துப்போக வந்த அன்று, பிள்ளையின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். இனிக் கஞ்சா புகைக்க மாட்டேன் என்று. அன்றோடு நின்றது. அக்காவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

ஒரு வருஷம் கழித்து வாயுத்தொல்லை என்று ஒரு டப்பா வாங்கி வந்தான். யாரோ வைத்தியர் கொடுத்தாராம். சாப்பிட்டால் நன்றாகத் தூக்கம் வருகிறதாம். தினமும் சாயங்காலம் அவளே ஒரு ஸ்பூன் எடுத்துக் கொடுத்தாள். மேலுக்குக் குடிக்க வெந்நீரும் கொடுத்தாள். ஒருமுறை நண்பன் கொடுத்த பர்பி என்று ஏதோ கொண்டுவந்தான். பிள்ளைக்கு இனிப்பு ஆகாது என்று பீரோவில் பூட்டி வைத்துத் தான் மட்டும் தின்றான். எவ்வளவு அக்கறையான அப்பா என்று நினைத்தாளே, அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்கலாம்.

ஒழுக்கமான மனுஷன். சத்தியத்தை ஒரு எழுத்துக்கூட மீறவில்லை. புகைக்கவில்லை. தின்றான்.

"காய்ச்சல் இல்ல. ஆனா மூளையில ஏதாவது தொற்று இருக்கலாம்," என்றார் டாக்டர். "முதுகுத்தண்டுல ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்துடலாம். அப்பா ஒரு கையெழுத்துப் போடுங்க."

நர்ஸ் படிவத்தை நீட்டினாள்.

அவள் அவனையே பார்த்தாள். இப்போதாவது வாயைத் திறக்கட்டும். திறந்துவிட்டால் மன்னித்துவிடலாம் என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். முட்டியை மடக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார்கள். கவுனை மேலே ஏற்றினார்கள். சின்ன முதுகு. எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

அவன் பேனாவை வாங்கினான்.

கையெழுத்துப் போட்டான். கீழே தேதியும் போட்டான்.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இந்த ஆளோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறாள். பிள்ளையின் முதுகுக்கு மேல் கையை விரித்துத் தடுத்தாள்.

"ஊசி வேண்டாங்க. அந்த லேகியத்துல கஞ்சா இருக்குது."

டாக்டர் கையை நிறுத்தினார். பிறகு ஊசித் தட்டு போயிற்று. பிள்ளையின் விரலில் ஏதோ மாட்டினார்கள். மூச்சை எண்ணிப் பார்த்தார்கள். தெளிந்துவிடுவாள், நேரமாகும், பக்கத்திலேயே இருங்கள் என்றார் டாக்டர். போலீசுக்குத் தகவல் எழுதியாக வேண்டும் என்று சொல்லிவிட்டு மேஜைக்குப் போனார்.

அவன் அவளைச் சுவரோரம் இழுத்தான்.

"நான் புகைக்கவே இல்ல புள்ள. சத்தியத்த மீறல."

அவள் முழங்கையை விடுவித்துக்கொண்டாள்.

"எனக்கு வேலை போயிரும். உன்னுதுன்னு சொல்லிரு. ஊட்ல இருக்கறவள என்ன பண்ணிருவாங்க? எடுத்துக் குடுத்ததும் நீதான?"

அது உண்மைதான். நீட்டிய விரலைப் பிள்ளை ஆசையாகச் சப்பிக்கொண்டது. அவள் அந்த விரலைப் புடவையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

டாக்டர் அங்கிருந்தே கேட்டார்.

"அம்மா, லேகியம் யாருது?"

கல்யாணமாகி ஆறு வருஷம். அவரு, பாப்பாவோட அப்பா, எங்க வீட்டுக்காரரு. இப்படித்தான் சொல்லிப் பழக்கம். கோயிலில் அர்ச்சனைக்குக் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைக் கொண்டு சொல்லவைப்பாள். அவள் ஊர்ப் பெண்கள் யாரும் புருஷன் பெயரை வாய்விட்டுச் சொல்வதில்லை.

டாக்டர் பேனாவோடு காத்திருந்தார்.

"தண்டபாணி," என்றாள். "இனிஷியல் சி."