வழுக்காத கம்பு

"அடுப்புக் குச்சியையெல்லாம் உள்ள வைக்க முடியாதுண்ணே."

கல்லறைப் படிக்கட்டில் நின்று ரோய் சொன்னான். உள்ளே போகும் பொருட்களைச் சரிபார்ப்பது அவன் வேலை. அரசரின் மூன்று சவப்பெட்டிகளும் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிவிட்டன. பொழுது சாய்வதற்குள் வாசலை அடைத்து முத்திரை வைக்க வேண்டும். கொத்தர்கள் சாந்தைக் குழைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

இப்பி பாறைமேல் உட்கார்ந்திருந்தார். செத்துப்போன இளம் அரசருக்குப் பத்து வருஷம் செருப்பு மாட்டிவிட்டவர். அரண்மனையிலிருந்து ஆற்றைக் கடந்து வந்திருந்தார். மடியில் ஒரு நாணல் கம்பு.

"நூத்துக்கும் மேல கைத்தடி உள்ள போயிருக்கு. எல்லாம் தங்கம், தந்தம், கருங்காலி. இது எதுக்கு?" என்றான் ரோய்.

"தங்கம் வழுக்கும் தம்பி. அவருக்குக் கால் சரியில்லைன்னு ஊருக்கே தெரியும். மேற்கே, செத்தவங்க ஊருக்குப் போனவரு அங்கயும் வழுக்கி விழணுமா?"

"அரசர் தொட்ட பொருள்தான் போகணும். அதான் உத்தரவு."

"தொட்டதா? வெட்டினதே அவர்தான். பன்னெண்டு வயசுல, ஆத்தங்கரையில, முட்டியளவு சேத்துல இறங்கி. விரலையும் சேத்து வெட்டிக்கிட்டாரு. செவிலித்தாய்கிட்ட திட்டு வாங்கினது நான்."

ரோய் கம்பை வாங்கிப் பார்த்தான். பிடி வழவழவென்று தேய்ந்திருந்தது. முனை மழுங்கியிருந்தது.

"நல்லாத்தான் உழைச்சிருக்கு."

"ஒரு நாள் விட்டதில்ல."

"பொய்யா இருந்தா என் தலை போயிடும்ணே."

"நான் செத்தப்புறம் சாமிங்க என் நெஞ்சைத் தராசுல வைக்கிற அன்னிக்கு இதையும் சேத்து நிறுக்கட்டும். போதுமா?"

ரோய் முனகிக்கொண்டே உள்ளே போனான். தங்கத் தடிகளுக்கு முன்னால், கைக்கு எட்டும்படி கம்பைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தான்.

வாசல் அடைபட்டது. ஈரச் சாந்தில் முத்திரை விழுந்தது.

"எந்திரிங்கண்ணே. சாவு விருந்துல வாத்துக் கறி ஆறிடும்."

இப்பி எழவில்லை. இடது காலை இரண்டு கையாலும் தூக்கிக் கீழே வைத்தார்.

"கொஞ்சம் கை குடு தம்பி. குதிரை உதைச்சு இந்தக் கால் போனப்பதான் அவரு எனக்கு அந்தக் கம்பை வெட்டிக் குடுத்தாரு."

ரோய் முத்திரையைத் திரும்பிப் பார்த்தான். "அப்போ இனிமே நீங்க?"

"அவரு ரொம்ப தூரம் நடக்கணும். எனக்கு வீடு வரைக்கும்தானே."