சொந்த ஊர்

"எங்க பொறந்த?"

அழகர் மேசையில் ஓங்கித் தட்டினான். எதிரே நின்ற வீரம்மாவுக்கு உதடு காய்ந்துபோயிருந்தது.

"கலஹா தோட்டத்துலங்க. தோட்டத்து ஆஸ்பத்திரியில."

"மருத்துவச்சி பேரு?"

"வடிவம்மா."

"எந்த லயம்?"

"மேக்கணக்கு டிவிசன்... ஆறாம் நம்பர் லயம். கடைசிக் காம்பரா."

"யோசிக்காம சொல்லணும்! சொந்தப் பொறப்பச் சொல்ல என்னா யோசனை?" என்று அதட்டினான். பிறகு மனசு கேளாமல், பெண்டாட்டிக்குத் தானே ஒரு கோப்பைத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான்.

சொந்தப் பிறப்பாக இருந்தால்தானே யோசிக்காமல் வரும்! கலஹா தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் அழகர். மருத்துவச்சி, லயம் என்கிற அந்த வரிசை வீடு, அதில் காம்பரா என்கிற ஒற்றை அறை எல்லாமே அவனுடையவை. வீரம்மா மூன்று வயதில் அப்பன் தோளில் உட்கார்ந்து, இந்தியாவிலிருந்து களவாகத் தோணியில் வந்து, இலங்கையின் மன்னார்க் கரையில் இறங்கியவள்.

அவளுக்கு அந்தத் தோணியும் நினைவில்லை, அக்கரையும் நினைவில்லை. கூட்டிவந்த அப்பனும் போய்ச் சேர்ந்துவிட்டார். பிடித்தால் இந்தியாவுக்கே கப்பலேற்றி விடுவார்கள். அங்கே இறங்கி யார் வீட்டுக் கதவைத் தட்டுவாள்?

அறுபத்தேழாம் வருஷம் அது. கண்டியில் புடவைக் கடைக்குப் பின்னால் உள்ள இந்த அறையில் ஒரு கள்ளத்தோணி இருப்பதாக எந்தப் புண்ணியவானோ பெட்டிஷன் எழுதிவிட்டான். ஆளின் பெயர் இல்லை. ஆணா பெண்ணா என்றுகூட எழுதவில்லை. விசாரிக்க நாளைக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்று கடை முதலாளிதான் நேற்று அழகரின் காதில் போட்டு வைத்தார்.

காட்டுவதற்கு அழகரிடமும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. "நாளைக்கே ஊருக்குப் போறவனுக்கு இங்க எதுக்குடா பத்திரம்?" என்று அவன் அப்பா பிள்ளையின் பிறப்பைப் பதியவே இல்லை. அப்படிச் சொல்லிச் சொல்லியே முப்பது வருஷம் கொழுந்துக் கூடைகளை எடைபோட்டுவிட்டு, கலஹா மண்ணுக்குள்ளேயே போனார்.

அழகருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. இங்கே பிறந்தவனை யார் என்ன செய்துவிட முடியும்? அவன் பயமெல்லாம் வீரம்மாவைப் பற்றித்தான்.

பத்து மணிக்கு வந்தார்கள். காக்கி உடுப்பில் ஒரு சிங்கள மாத்தயா, விசாரணை அதிகாரி. கூடவே, மொழிபெயர்த்துச் சொல்ல யாழ்ப்பாணத்துப் பொன்னுத்துரை. மாத்தயா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"எங்கை பிறந்தனீங்கள், பிள்ளை?" என்றார் பொன்னுத்துரை.

வீரம்மா சொன்னாள். ஆஸ்பத்திரி, வடிவம்மா, ஆறாம் நம்பர் லயம், கடைசிக் காம்பரா. ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. அழகர் அலுமாரியில் சாய்ந்தபடி உள்ளங்கை வேர்வையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டான்.

"அந்தக் காம்பராவிலை இருந்து பார்த்தால் என்ன தெரியும்?"

இது பாடத்தில் இல்லாத கேள்வி. ஆனால் கல்யாணமான புதிதில் மூன்று மாதம் அங்கே குடியிருந்தவளாயிற்றே அவள்!

"தேயிலை ஸ்டோரோட தகரக் கூரைங்க. மழ பேஞ்சா, வேலைக்குச் சங்கு ஊதுறதுகூடக் கேக்காது."

பொன்னுத்துரை அதைச் சிங்களத்தில் சொன்னார். மாத்தயா, "ஹரி, ஹரி" என்று, சரிதான் எனத் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

அழகருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சந்தோஷத்தில் வந்த இருவரையும் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"தம்பி, உங்கட ஊர் எது?" என்றார் பொன்னுத்துரை, பேச்சோடு பேச்சாக.

அழகருக்கு வாயெல்லாம் பல். "எங்க ஊருங்களா? துறையூருங்க! திருச்சிப் பக்கம்!"

தோட்டத்தில் பிறந்த யாரைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அவர்களுக்குப் பிறந்த இடம் தோட்டம். ஊர் என்றால், அப்பனோ பாட்டனோ விட்டுவந்த அக்கரை ஊர். பிறந்த இடமே ஊராக இருக்கிற யாழ்ப்பாணத்துக்காரருக்கு இது எங்கே தெரியப்போகிறது?

மாத்தயாவின் பேனா நின்றது. திருச்சி என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

"ஐயோ, அது எங்கப்பா ஊருங்க! நான் கண்ணால பாத்ததுகூட இல்ல!" அழகர் பதறினான். "நான் பொறந்தது கலஹா தோட்டம். தோட்டத்து ஆஸ்பத்திரி. மருத்துவச்சி வடிவம்மா. ஆறாம் நம்பர் லயம்..."

"கடைசிக் காம்பரா," என்று முடித்து வைத்தார் பொன்னுத்துரை. "உங்கட மனுசி இப்ப சொன்னதைத்தானே திருப்பிச் சொல்லுறீங்கள்? கெட்டிக்காரன்தான்."

மாத்தயா எழுந்து அழகரின் தோளில் கை வைத்தார். உண்மையைச் சொல்ல அவனிடம் வேறு வார்த்தை ஏது? இருந்ததையெல்லாம் அவளுக்குக் கொடுத்துவிட்டான்.

வீரம்மா பாய்ந்து வந்து பொன்னுத்துரையின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர விட்டுருங்கய்யா! அவரு இங்க பொறந்தவரு. நாந்தாங்க கள்ளத்தோணி! மூணு வயசுல எங்கப்பா தூக்கிட்டு வந்தாரு. நான் சொன்னது பூராவும் அவரோட பொறப்புங்க!"

பொன்னுத்துரை அதை மாத்தயாவுக்கு மொழிபெயர்க்கவில்லை. குனிந்து அவளைத் தூக்கி நிறுத்தினார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

"புருசனைக் காப்பாத்த இப்பிடியெல்லாம் பொய் சொல்லக்கூடாது, பிள்ளை."