உப தலைவரின் பூட்டு

தயாபரனுக்குச் சட்டம் தெரியும் என்பது தயாபரனுக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

விசுவமடுப் பக்கத்தில் ஒரு குளத்துக் கமக்காரர் அமைப்புக்கு அவர் உப தலைவர். ஊர் கையுயர்த்தித் தலைவராகத் தெரிவு செய்தது பழனியாண்டியைத்தான். அன்றிலிருந்து தயாபரனுக்குச் சரியான நித்திரை இல்லை.

தலைவருக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் குளத்து மதகான துருசை எப்போது திறப்பது, எந்த வாய்க்காலுக்கு முதலில் தண்ணீர் விடுவது என்பதெல்லாம் அவர் வாயில்தான் இருக்கிறது. கடைசி வாய்க்காலில் வயல் வைத்திருக்கும் தயாபரனுக்கு அது மந்திரிப் பதவியைவிடப் பெரிது. தலைவர் விலகினால் அந்தக் கதிரை நேரே உப தலைவருக்கு.

புதன்கிழமை அது தானாகவே மடியில் விழுந்தது. குளக்கட்டில் இருவரும் தனியாக நின்று தண்ணீர் முறைக்குச் சண்டை பிடித்தார்கள். பழனியாண்டி கோபத்தில் ஒரு தாளில் 'பதவி விலகுகிறேன்' என்று எழுதி, கையெழுத்தும் வைத்து எறிந்தார்.

"இந்தா, நீயே தலைவரா இருந்து கிழி!"

தயாபரன் மோட்டார் சைக்கிளில் பறந்துபோய், கமக்காரர் அமைப்புகளைப் பார்க்கும் கமநல நிலையத்து உத்தியோகத்தர் பிரஷாந்தினியிடம் அதைக் கொடுத்துவிட்டுத்தான் மூச்சு விட்டார். வரும் வழியில் பாராட்டுப் பதாகைக்கும் சொல்லிவிட்டார். பாராட்டுபவர்களின் பெயர்களையும் அவரே எழுதிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை தேத்தண்ணிக் கடையில் அந்த மூச்சு நின்றது. பக்கத்து வாங்கில் இருந்து பழனியாண்டி ஊருக்கே கேட்கக் கதைத்துக்கொண்டிருந்தார்.

"அவசரப்பட்டிட்டன். திங்கக்கிழமை கந்தோருக்குப் போய்க் கடிதத்தைத் திருப்பி எடுக்கப் போறன். அண்டைக்குத்தானாம் அதை ஏற்றுக் கையெழுத்து வைப்பினம்."

தயாபரனின் சட்ட மூளை வேலை செய்தது. விலகல் கடிதம் என்பது பெண் கேட்டுப் போவது மாதிரி. அந்தப் பக்கம் 'ஓம்' சொல்லும்வரை கேட்டவர் எழும்பி வந்துவிடலாம். சொல்லிவிட்டால் முடிந்தது. ஆகவே திங்கட்கிழமை கந்தோர் பூட்டும்வரை பழனியாண்டி அந்தப் பக்கம் போகக்கூடாது.

திங்கள் காலை பழனியாண்டியின் படலையில் ஹோர்ன் சத்தம் கேட்டது.

"அண்ணை, என்ரை ஸ்டோர்ல கிடக்கிற சங்கத்து விதைநெல்லில பூச்சி பிடிச்சிட்டுது. ஒருக்கா வந்து பாருங்கோ. இப்பவும் நீங்கள்தானே தலைவர்!"

"அதுக்கென்ன தம்பி, வாறன்."

மனைவி சிவலட்சுமி கொடுத்த சோற்றுப் பார்சலோடு பழனியாண்டி பின்னால் ஏறினார். வழியில் தயாபரன் கேட்டதும் போனைக்கூடக் கொடுத்தார். ஸ்டோருக்குள் அவர் மூட்டையைக் குனிந்து பார்த்த நேரம் கதவு சாத்தப்பட்டு, வெளியே பூட்டு விழுந்தது.

'மாடுகூட இதைவிடக் கொஞ்சம் யோசிக்கும்' என்று தயாபரன் சிரித்துக்கொண்டார்.

கந்தோர் பூட்டும்வரை அதன் வாசலில் காவல் இருந்துவிட்டு ஸ்டோருக்குத் திரும்பினார். அவருடைய பூட்டு உடைந்து கிடந்தது. சிவலட்சுமி கூட்டி வந்த பொலிஸ் நின்றது.

பொலிஸ் நிலையத்தில் பழனியாண்டி நடுங்கும் குரலில் சொன்னார். "அந்தக் கடிதத்தையும் இவர் இப்பிடித்தான் வெருட்டி வாங்கினவர், சேர்."

"பச்சைப் பொய்! தானாத்தான் எழுதித் தந்தவர்!" என்று தயாபரன் கத்தினார்.

"ஆர் பாத்தது?" என்றார் பொறுப்பதிகாரி.

ஒருவரும் பார்க்கவில்லை.

விசாரணைக்கு வந்திருந்த பிரஷாந்தினி தலையை ஆட்டினாள். "கடிதத்தைக் கொண்டுவந்து தந்ததும் இவர்தான். வெருட்டி வாங்கின விலகல் செல்லாது, சேர். பழனியாண்டி ஐயாதான் இன்னும் தலைவர்."

தயாபரனை உள்ளே தள்ளிப் பூட்டினார்கள். போகிற போக்கில் பழனியாண்டி கம்பிப் பக்கம் குனிந்தார். இப்போது குரலில் நடுக்கம் இல்லை.

"தம்பி, குடுத்த கடிதத்தைத் திருப்பி எடுக்கவே ஏலாதாம். வியாழக்கிழமையே முல்லைத்தீவுக்குப் போய் ஒரு லோயரிட்டைக் கேட்டிட்டன். வெருட்டி வாங்கினதெண்டால் மட்டும்தான் செல்லாதாம்.

"அதுக்குப் பிறகுதான் உன்ரை காதில விழத் தேத்தண்ணிக் கடையில கதைச்சனான்."