பெயர் மாற்றம் கிடையாது

"மேடம், இந்த மனுஷனோட இனி ஒரு நாள் என்னால குப்பை கொட்ட முடியாது. சர்டிபிகேட்டை என் பேருக்கு மாத்திக் குடுங்க. நாளைக்கே விவாகரத்து!"

மார்லிஸ் போட்ட சத்தத்தில் கோரினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆண்டுச் சோதனைக்கு வந்த அரசு அதிகாரி அவள். அமெரிக்காவின் துலூத் துறைமுகத்துக்குப் புதிது.

கப்பல்களுக்கு அரசாங்கத்தின் கம்ப்யூட்டர் வரைபடங்களை விநியோகிக்கும் கடை அது. அதற்கான சான்றிதழ், கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தது.

"யாருக்கு வேணா குடுங்க, இவளுக்கு மட்டும் வேணாம்" என்றார் ரெய்னோ, புகை போட்ட மீனைக் கடித்தபடி. "வடக்கு எதுன்னு கேட்டா வாசக்கதவைக் காட்டுவா!"

"கீபோர்டுல மீன்முள்ளைத் துப்புற ஆளு பேசுறதைப் பாருங்க!"

கோரின் குறுக்கிட்டாள். "விதிப்படி சான்றிதழைக் கைமாத்த முடியாதுங்க. நீங்க பிரிஞ்சா, கடையை வச்சுக்கிறவங்க மத்தவரோட சம்மதக் கையெழுத்தையும் வாங்கிப் புதுசா விண்ணப்பிக்கணும்."

"பழைய ஆபீசரும் ஒன்பது வருஷமா இதையேதான் சொன்னாரு. விண்ணப்பம் போனபடியே திரும்பி வரும்!" என்றாள் மார்லிஸ்.

கோரினுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சே, என்ன கல்நெஞ்சக்காரர்! இந்த இரண்டு ஜீவன்களையும் ஒன்பது வருஷம் இழுத்தடித்திருக்கிறாரே!

"மூணு வார வேலைங்க இது. இந்தாங்க விண்ணப்பம்" என்றவள், இரண்டு இடங்களில் சிவப்பு மையால் பெரிய வட்டம் போட்டாள். "இங்க நீங்க, இங்க அவரு. கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. அப்புறம் நீங்க யாரோ, அவரு யாரோ."

ரெய்னோ மெல்லுவதை நிறுத்தினார்.

"மூணே வாரமா?" மார்லிஸின் குரல் இறங்கிவிட்டது.

ஒரு வாரத்தில் கோரினின் மேஜைக்கு உறை வந்தது. மார்லிஸின் அழகான எழுத்து. ஓரத்தில் ரெய்னோவின் மீனெண்ணெய்க் கட்டைவிரல் ரேகை. எல்லாம் நிரப்பியிருந்தார்கள்.

சிவப்பு வட்டங்கள் இரண்டும் காலி.

குழம்பிப்போன கோரின் பழைய கோப்பைப் புரட்டினாள். ஒன்பது வருஷம், ஒன்பது விண்ணப்பங்கள். ஐந்தில் ரெய்னோவின் கையெழுத்து இல்லை. நான்கில் மார்லிஸுடையது இல்லை. ஒன்பதிலும் ஒரே முத்திரை.

பழைய அதிகாரியைக் கல்நெஞ்சக்காரர் என்று மனசுக்குள் திட்டியதை நினைத்து அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

மேஜை இழுப்பறையைத் துழாவினாள். பழைய அதிகாரி இந்த ஒரு கடைக்காகவே செய்து வைத்திருந்த முத்திரை அடியில் கிடந்தது. மையில் தோய்த்து, பத்தாவது விண்ணப்பத்தின் மேல் ஓங்கிக் குத்தினாள்:

'கையெழுத்து இல்லை. அடுத்த ஆண்டு முயலவும்.'