வழுக்கி விழுந்தவள்

அவள் கேமராவை ஆன் செய்யவில்லை.

திரையில் மற்ற எல்லோருக்கும் முகம் இருந்தது. அவளுக்கு மட்டும் ஒரு கறுப்புச் சதுரம். அதற்குள் பியூலா என்று பெயர்.

எம்.ஏ. இரண்டாம் ஆண்டு. ஊரடங்கு தொடங்கி மூன்றாவது மாதம். இன்று அவளுடைய செமினார்.

"பியூலா, கேமராவைப் போடும்மா. முகம் தெரியாம மார்க் போட முடியாது" என்றார் அம்பலவாணன் சார்.

சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். போனைப் பருப்பு டப்பாவின் மேல் சாய்த்து வைத்திருந்தாள். முன்னறையில் இருந்த ஒரே மேசை முகிலனுக்கு. அவனுக்கும் இதே வகுப்புதான்.

பிப்ரவரியில் இருவருக்கும் பதிவுத் திருமணம். சாட்சிக் கையெழுத்துப் போட வகுப்பே முண்டியடித்தது. அன்றோடு அப்பா பேச்சை நிறுத்தினார். மார்ச்சில் பஸ் நின்றது.

ஏப்ரலில் கன்னத்தில் முதல் அறை.

மே மாதம் ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போனாள். தடுப்புக்குப் பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் திருப்பி அனுப்பினார்.

"வீட்டுலயே இரும்மா. அதான் பாதுகாப்பு."

நேற்று, செமினார் கட்டுரையை முகிலனிடம் காட்டாமல் சாருக்கு அனுப்பிவிட்டாள்.

கேமராவைப் போட்டாள்.

இடது கண் ஊதா நிறத்தில் வீங்கி மூடியிருந்தது. உதடு கிழிந்திருந்தது.

"ஐயோ, என்னம்மா ஆச்சு?"

அவள் வாய் திறப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து முகிலனின் குரல் கேட்டது. ஒரு நொடி கழித்து அதுவே போனிலிருந்தும் வந்தது.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா சார். சொன்னா கேக்கறதே இல்ல, ஈரத்துல ஓடுவா."

யாரோ சிரித்தார்கள்.

அரட்டைப் பெட்டியில் இரண்டு இதயங்கள் வந்து விழுந்தன. 'தங்கச்சியை நல்லா பாத்துக்கடா மாப்ள.'

"கவனமா இரும்மா. சரி, ஆரம்பி."

அவ்வளவுதான். எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

முதல் வரியை வாசித்தாள். இரண்டாவது வரியை வாசித்தாள். மூன்றாவது வரி வரவில்லை. அவன்மேல் இருந்ததைவிட அந்த இரண்டு இதயங்கள்மேல்தான் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

எழுந்தாள். சமையலறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"வழுக்கல, சார்."

முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுபோனாள்.

"அடிச்சான். நேத்து மட்டும் இல்ல."

சார் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

"இது உங்க குடும்ப விஷயம்... அப்புறமா தனியா பேசலாம்மா."

"அப்புறம்னு ஒண்ணு இல்ல சார். இப்ப எல்லாரும் இருக்கீங்க. இப்பவே சொல்றேன்."

கதவில் ஓர் அடி விழுந்தது. டப்பா ஆடியது. போன் சரிந்தது. பிடித்து நிமிர்த்தினாள்.

ஒரே ஒரு மைக் திறந்தது. நஸ்ரின். கல்யாணத்தன்று முதல் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவள்.

"நிறுத்தாத பியூலா. ரெக்கார்டு ஆகுது. இன்னொரு போன்ல போலீசுக்கு அடிச்சிட்டிருக்கேன்."

இன்னொரு அடி. அந்தச் சத்தம் இருபத்தாறு வீடுகளில் கேட்டது.

திரையில் முகிலனின் சதுரத்தில் ஒரு காலி நாற்காலி மட்டும் இருந்தது.

எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.