இன்னும் ஒரு மறுப்பு

சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் மரகதவல்லி, எதிரே மகன் சேந்தன். சன்னலோர நாற்காலியில், இறந்துபோன கணவர் ஞானசிகாமணியின் குரல் பேசும் பெட்டி. நூலகவியல் பேராசிரியராக இருந்தவர். அவர் கட்டுரைகளை ஆண்டுக்கு ஒருவராவது மேற்கோள் காட்டினால்தான் இறந்த அறிஞர்களின் குரல்களைப் பேணும் காப்பகம் அந்தக் குரலை விட்டுவைக்கும். இந்த ஆண்டு யாரும் காட்டவில்லை. மார்கழியோடு கெடு முடிகிறது.

"நீயே ஒரு கட்டுரை எழுதேம்மா. நீயும் நூலகர்தானே?"

"வீட்டாள் காட்டினா கணக்குல சேராதுடா. தன்னைத்தானே மெச்சிக்கிற மாதிரியாம். அந்த விதியைப் போட்டதே உங்கப்பாதான்."

"சரியான விதிதானே வல்லி," என்றது பெட்டி.

சேந்தன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

மரகதவல்லி காகிதத்தை எடுத்தாள். காலமெல்லாம் கட்டுரைக்குக் கட்டுரை கணவரோடு மல்லுக்கு நின்ற பேராசிரியர் அருமைநாயகம், கையால் எழுதிய கடிதத்தை மட்டுமே பிரித்துப் படிப்பவர். அவருக்கு எழுதினாள்: 'ஐயா, வணக்கம். என் வீட்டுக்காரர் எழுதியது தப்பு என்று இன்னும் ஒரே ஒரு தடவை எழுதுங்கள். மறுத்து எழுதினாலும் மேற்கோள்தான். நல்ல வார்த்தை எதுவும் வேண்டாம்.'

"யாருக்கு லெட்டர், வல்லி?"

"கரண்ட் ஆபீசுக்குங்க," என்றாள். உறையை ஒட்டி, ஓரத்தை விரலால் அழுத்தி, சேந்தனிடம் கொடுத்தாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு தபாலாபீசுக்குக் கிளம்பினான்.