உனக்குப் பிடிக்காதுன்னு

கதவைத் தாழிட்டுவிட்டு, பாதி சாத்திய சன்னலோரம் ஜான்சி நிற்கிறாள். உப்பளத்தில் பட்டுத் தெறிக்கும் வெயில் உள்ளே விழுந்து, அவள் வயிற்றுக் கோடுகளை ஒவ்வொன்றாகக் காட்டுகிறது. மகள் பிறந்ததிலிருந்து இருப்பவை. ஆன்லைனில் வாங்கிய தோல் உரிக்கும் மருந்தைப் பஞ்சில் நனைத்துத் தடவுகிறாள். முதலில் குளிர்கிறது, பிறகு மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிகிறது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் கோடு போய்விடும் என்று பல்லைக் கடிக்கிறாள். முடியவில்லை. குடத்துத் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றுகிறாள். உப்பளத்து வேலையிலிருந்து சாப்பிட வந்த கணவன் அந்தோணிசாமி, சத்தம் கேட்டுக் கதவைத் தட்டுகிறான். திறக்கிறாள். சிவந்த வயிற்றையும் மருந்து பாட்டிலையும் மாறி மாறிப் பார்க்கிறான்.

“எதுக்கு இது?”

“இந்தக் கோடு போறதுக்குத்தான். உனக்குப் பார்க்கவே புடிக்காதுன்னு...”

“நான் எங்க பார்த்தேன்? லைட்டை அணைக்காம என்னைக்காவது பக்கத்துல வந்திருக்கியா நீ?”

அவன் உப்பு ஒட்டிய கைகளை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்து, ஒரு துணியை நனைத்துப் பிழிந்து நீட்டுகிறான். வயிற்றை மூடப் புடவைத் தலைப்பைத் தேடிய அவள் கை பாதியிலேயே நின்றுவிடுகிறது.

“நீயே வச்சு விடு” என்கிறாள்.